அம்மாவின் பாதத்தைத் தினமும் ஒருவர் பார்க்க வேண்டும்

கேள்வி இதுதான்: அம்மாவுக்கு 74 வயது. 15 வருஷமாகச் சர்க்கரை. இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. இரவில் பாதம் எரிகிறது, பகலில் பஞ்சு மேல் நடப்பது போல இருக்கிறது என்கிறார். முதுகிலும் முழங்காலுக்குக் கீழேயும் ஓயாத அரிப்பு. தினமும் வெந்நீரில் கல்லுப்பும் டெட்டாலும் போட்டு அரை மணி நேரம் கால் ஊறவைக்கிறார். இது சரியா, வீட்டில் வேறு என்ன செய்யலாம் என்று மகள் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த வெந்நீரை இன்றைக்கே நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பஞ்சு மேல் நடப்பது போல என்று அம்மா சொல்வது பாதத்தின் நரம்புகள் மரத்துவருவதற்கான அடையாளம். அப்படிப்பட்ட காலுக்குத் தண்ணீரின் சூடு சரியாகத் தெரியாது. நமக்குக் கை வைக்க முடியாத சூட்டில் அவர் "இதமா இருக்கு" என்று உட்கார்ந்திருப்பார். மறுநாள் காலையில் பாதத்தின் மேல்புறம் கொப்புளம் கொப்புளமாக இருக்கும். முதியோர் பராமரிப்பில் இருக்கும் செவிலியர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்போம். வெந்நீர்ப் பை, செங்கல்லைச் சுடவைத்து ஒத்தடம், குளிருக்கு ஹீட்டர் பக்கம் காலை நீட்டுவது எல்லாமே இதே ஆபத்துதான்.

சூடு இல்லாத தண்ணீரிலும் ஊறவைக்க வேண்டாம். ஊறிய தோல் தன்னிடம் இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் இழந்துவிடும், காய்ந்த பிறகு முன்னைவிட அதிகமாக வெடிக்கும். விரலிடுக்கு வெளுத்து நைந்து சேற்றுப்புண்ணுக்கு இடம் கொடுக்கும். உப்பும் டெட்டாலும் வறட்சியை இன்னும் கூட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான சோப்புப் போட்டு ஒன்றிரண்டு நிமிடத்தில் கழுவித் துடைத்தால் போதும். தண்ணீரின் சூட்டை அம்மா பார்க்கக் கூடாது, நீங்கள் முழங்கையை வைத்துப் பாருங்கள். துடைக்கும்போது ஒவ்வொரு விரலிடுக்கிலும் பழைய மெல்லிய பருத்தித் துணியை விட்டு ஈரம் எடுக்க வேண்டும். டர்க்கி டவல் அந்த இடுக்கில் நுழையாது.

உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. பல வருஷச் சர்க்கரை முதலில் பழுதாக்குவதும் அவற்றைத்தான். அதனால்தான் உணர்ச்சி விரல் நுனியில் குறைய ஆரம்பித்து, சாக்ஸ் போட்டது போல மேலே ஏறுகிறது. எரிச்சலும் மரத்துப்போவதும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கும். எரிகிறதே, அப்படியென்றால் உணர்ச்சி நன்றாகத்தானே இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். எரியும் அதே காலில் முள் குத்தினால் தெரியாமல் போகலாம்.

இந்த விஷயத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னதில் நம் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து தொழுநோயாளிகளிடையே வேலை செய்தார். விரல்களும் பாதங்களும் தேய்ந்துபோவதற்கு நோய் சதையைத் தின்பதுதான் காரணம் என்று அன்றைக்கு எல்லோரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து கவனித்துக் கண்டது வேறு. நோய் வலி உணர்வை எடுத்துவிடுகிறது. வலி இல்லாததால் ஒருவர் சூடான பாத்திரத்தைப் பிடிக்கிறார், ஆணி குத்திய காலோடு நாள் முழுக்க நடக்கிறார், தூங்கும்போது எலி கடிப்பது கூடத் தெரிவதில்லை. அப்படி வருகிற காயங்கள்தான் உறுப்பை அழிக்கின்றன. பிறகு அவர் அமெரிக்காவின் லூசியானாவுக்குப் போய், இதே அறிவைச் சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கும் பயன்படுத்தினார். இன்று பாத மருத்துவத்தில் சொல்லப்படும் பல விஷயங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் எந்த க்ரீமும் இல்லை. வலி செய்ய வேண்டிய காவல் வேலையை இனி வீட்டில் ஒருவர் கண்ணாலும் கையாலும் செய்ய வேண்டும். அந்த ஒருவர் அம்மாவாக இருக்க முடியாது. அவரால் குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியாது, கண்ணும் மங்கியிருக்கும். "எனக்கு ஒண்ணுமில்லை, வலியே இல்லை" என்பார். வலி இல்லை என்பதைத்தான் நாம் ஆறுதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எப்படிப் பார்ப்பது? தினமும் ஒரே நேரம் வைத்துக்கொள்ளுங்கள், குளித்த பிறகு அல்லது இரவு படுக்கும் முன். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே தாழ்வான முக்காலியில் நீங்கள் உட்கார்ந்து, அவர் காலை உங்கள் மடியில் தூக்கி வையுங்கள். டியூப் லைட் போதாது, மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். குதிகால், உள்ளங்கால், பெருவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் கீழே இருக்கிற மேடு, விரல் நுனிகள், கடைசியாக ஒவ்வொரு இடுக்கையும் பிரித்து. அதற்குப் பிறகு உங்கள் புறங்கையை இரண்டு பாதத்திலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் அல்லது ஓரிடம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது. நம் தோல் நிறத்தில் சிவப்பு தெளிவாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தெரியும், சில நேரம் ஒன்றுமே தெரியாது. கைக்குத் தெரிகிற சூடுதான் நம்பகமானது. அம்மா சாக்ஸ் போடுகிறவர் என்றால் வெள்ளை சாக்ஸ் வாங்குங்கள். கழற்றியதும் உள்பக்கம் வெளியே திருப்பிப் பார்த்தால் ஒரு சொட்டு நீரோ ரத்தமோ கசிந்திருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

வாரக்கணக்கில் ஆறாத வெடிப்பு, வெடிப்பிலிருந்து ரத்தம், நீர் அல்லது வாடை, கொப்புளம், புதிய கருந்திட்டு, விரல் நிறம் மாறுவது, இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். போகும்வரை சுத்தமான குழாய்த் தண்ணீரிலோ சலைனிலோ கழுவி, கிருமி நீக்கிய காஸ் துணி வைத்து மூடினால் போதும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். காய்ச்சல், நடுக்கம், பரவுகிற வீக்கம், காரணமில்லாமல் திடீரென்று ஏறுகிற சர்க்கரை இருந்தால் இரவானாலும் கிளம்புங்கள். இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரிவதில்லை. காயமே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதைச் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்து நடக்கவிடாதீர்கள். உணர்ச்சி இழந்த பாதத்தில் எலும்புகளே உடைந்து நொறுங்குகிற சார்கோ பாதமாக அது இருக்கலாம். அதில் எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் சேதம். உடனே நடையை நிறுத்தி, எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அம்மாவின் உணர்ச்சி எந்த அளவில் இருக்கிறது என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கிய எளிய சோதனை இது, கருவி எதுவும் வேண்டாம். அம்மா கண்ணை மூடிக்கொள்ளட்டும். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை ஒவ்வொன்றாக இறகு பட்டது போல ஒன்றிரண்டு வினாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தெரியவில்லை என்றால் திரும்பவும் தொடக் கூடாது. தொட்டது தெரிந்தால் எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். 6 இடங்களில் 2 அல்லது அதற்கு மேல் தவறவிட்டால் காயம் படுவதைக் காட்டிக்கொடுக்கிற பாதுகாப்பு உணர்ச்சி போய்விட்டது என்று வைத்துக்கொண்டு மருத்துவரிடம் முறையான பரிசோதனைக்குப் போங்கள்.

அடுத்தது செருப்பு. இதில்தான் வீட்டில் சண்டை வரும். நம் வீடுகளில் உள்ளே செருப்புப் போடும் பழக்கம் இல்லை. பூஜை அறை இருக்கிற வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஆனால் உடைந்த கண்ணாடித் துண்டு, கீழே விழுந்த ஊசி, கட்டில் கால், வெயில் அடிக்கிற மொட்டைமாடி எல்லாம் வீட்டுக்குள்தான் இருக்கின்றன. வீட்டுக்கென்றே ஒரு புது ஜோடி வாங்கி, அது வாசல் தாண்டாது என்று சொல்லிப் பாருங்கள். பல அம்மாக்கள் இதற்கு இணங்கிவிடுகிறார்கள். கோயிலுக்கு அதிகாலையிலோ வெயில் இறங்கிய பிறகோ கூட்டிப்போங்கள். உச்சி வெயிலில் பிரகாரத்துக் கல்லில் ஒரு சுற்று வந்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளிக்கும், அது தெரியாமலே அவர் இன்னொரு சுற்றும் வருவார். கெட்டியான பருத்தி சாக்ஸ் போட்டுப் போவதில் தவறில்லை.

பெருவிரலிடுக்கில் வார் வைத்த ஹவாய் செருப்பு வேண்டாம். உணர்ச்சி குறைந்தவருக்கு அது நழுவுவதும் தெரியாது, வார் இடுக்கை அறுப்பதும் தெரியாது. எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் அடிப்பாகமும், பின்னங்கால் வாரும், வெல்க்ரோ ஒட்டும் இருக்கிற செருப்பைச் சர்க்கரைப் பாத மருத்துவமனைகளிலும் பெரிய ஊர்க் கடைகளிலும் கேளுங்கள். மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் வீங்கி முழு அளவில் இருக்கும். அம்மாவைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றி வரைந்து, அதைக் கத்தரித்து எடுத்துச் சென்று செருப்பின் மேல் வைத்துப் பாருங்கள். காகிதம் எங்கேயும் மடங்கினால் அது அவர் செருப்பு இல்லை. புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடவிடாதீர்கள், கழற்றியதும் பாதத்தைப் பாருங்கள். தினமும் போடும் முன் செருப்பைத் தலைகீழாக்கித் தட்டி, உள்ளே கை விட்டுத் தடவுங்கள். மெட்டி இறுகியிருந்தால் கழற்றிவிடுங்கள். விரல் வீங்கினால் அதுவே கயிறு கட்டியது போல ஆகிவிடும். உணர்ச்சி இல்லாதவருக்கு அது தெரியாது.

நகத்தைக் குளித்த பிறகு, அது இளகி இருக்கும்போது நேராக வெட்டுங்கள். ஓரத்தை வளைத்துத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். தடித்து மஞ்சளாகிக் கட்டை போல ஆன நகத்தை நீங்கள் வெட்ட முயல வேண்டாம். அது பல நேரம் பூஞ்சையாக இருக்கும், மருத்துவரிடம் காட்டுங்கள். கால் ஆணி இருந்தால் பிளேடும் வேண்டாம், ஆணி மேல் ஒட்டுவதற்குக் கடையில் விற்கிற கார்ன் கேப்பும் வேண்டாம். அதில் இருக்கிற சாலிசிலிக் அமிலத்துக்கு ஆணிக்கும் நல்ல தோலுக்கும் வித்தியாசம் தெரியாது. சர்க்கரைக்காரர் காலில் அது ஓட்டை போட்டுவிடும். காய்ப்புக்கு அடியிலேயே புண் ஒளிந்திருப்பது உண்டு. காய்ப்புக்குள் கருமை தெரிந்தால் ரத்தம் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, பித்தவெடிப்புக்கு வருகிறேன். பேரில் பித்தம் இருந்தாலும் காரணம் வறட்சியும் தடித்த தோலும்தான். சர்க்கரை நரம்புகளைப் பாதிக்கும்போது பாதத்தில் வேர்வையும் நின்றுவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு வறட்சி. 10 முதல் 20 சதவீதம் யூரியா கலந்த க்ரீம் நன்றாக வேலை செய்யும். வெடிப்பு ஆழமாக இல்லாதபோது தினமும் இரண்டு வேளை தடவுங்கள், தோல் நான்கைந்து வாரத்தில் இளகும். இரவில் க்ரீமுக்கு மேல் வெள்ளை வாசலின் பூசி, தளர்வான பருத்தி சாக்ஸ் போட்டுத் தூங்கட்டும். விரலிடுக்கில் மட்டும் எதுவும் பூசக் கூடாது. எண்ணெயோ க்ரீமோ பூசிய காலோடு எழுந்து நடந்தால் வழுக்கும். இந்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும். அதனால் இரண்டு வேளையும் படுத்த பிறகுதான் பூச வேண்டும். கல்லில் தேய்ப்பதை அறவே விட்டுவிடுங்கள்.

அரிப்பு. வயதாக ஆகத் தோல் மெலிகிறது, எண்ணெய்ச் சுரப்பு குறைகிறது. முழங்காலுக்குக் கீழே மீன் செதில் போல வெடித்திருப்பது பெரும்பாலும் வெறும் வறட்சிதான். சூடான தண்ணீரில் நெடுநேரம் குளிப்பதும் சோப்பும் அதை மோசமாக்கும். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை உடையது, சாதாரண சோப்புக் கட்டி காரம். அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களுக்குத் தினமும் சோப்புத் தேவையே இல்லை. குளித்துத் துண்டால் ஒற்றியதும், ஈரம் முழுக்கக் காயும் முன்னே மாய்ஸ்சரைசரோ தேங்காயெண்ணெயோ தடவுங்கள், அப்போதுதான் அந்த ஈரம் தோலில் தங்கும். வாசனை இல்லாததாக வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டியதில்லை.

இதைச் செய்தும் இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு குறையவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். கைவிரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி அரிப்பு, இரவில் அதிகம், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் அது தொற்றிப் பரவுகிற சொறியாக (ஸ்கேபீஸ்) இருக்கலாம். அம்மாவுக்கு மட்டும் மருந்து போட்டால் தீராது, வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் போட வேண்டும். சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு எல்லாவற்றிலும் அரிப்பு வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சர்க்கரைக்குக் கொடுக்கிற வில்டாகிளிப்டின், லினாகிளிப்டின் போன்ற கிளிப்டின் வகை மாத்திரை சாப்பிடுகிற சில முதியவர்களுக்கு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அரிப்பு இருந்து, பிறகு பெரிய கெட்டியான நீர்க்கொப்புளங்கள் வருகிற நோய் உண்டு. அரிதுதான். இருந்தாலும் அம்மா இதைச் சாப்பிடுகிறாரா என்று மாத்திரை அட்டையைப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஒரு ட்யூப் குடுங்க" என்று கேட்டு வாங்காதீர்கள். கொடுப்பது பல நேரம் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த களிம்பு. அட்டையில் குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன் என்று இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், அதனால் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு அரிப்பை மட்டும் அமுக்கிப் படர்தாமரையை அடியில் பரவவிடும். இன்று நம் ஊரில் படர்தாமரை இவ்வளவு பிடிவாதமாகிப்போனதற்கு இந்தக் களிம்புகளும் ஒரு முக்கியக் காரணம். முதியவர் தோலில் தொடர்ந்து போட்டால் தோல் காகிதமாகும், வளையல் உரசினாலே கிழியும். அப்படிக் கிழிந்தால் தொங்குகிற தோலை வெட்டி எறியாமல், சலைனில் கழுவி, மெதுவாகப் பழைய இடத்துக்கே பரப்பி, ஒட்டாத வகை டிரெஸ்ஸிங் வைத்துக் கட்ட வேண்டும். பிளாஸ்திரியை நேரடியாகத் தோலில் ஒட்டினால் எடுக்கும்போது இன்னும் கொஞ்சம் உரியும்.

உடம்பின் ஒரு பக்கம் மட்டும் எரிச்சலோ வலியோ வந்து, பிறகு பட்டையாகக் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பில் தங்கியிருந்து இப்போது எழுகிறது. காவி குழைத்து அக்கி எழுதப் போகும் வழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. அந்தப் பூச்சால் வலி நிற்காது, நேரம்தான் போகும். ஏசைக்ளோவிர் போன்ற மருந்தைக் கொப்புளம் தோன்றி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். முதியவர்களுக்கு அக்கிக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கிற நரம்பு வலி வருவதும் உண்டு. கண் பக்கம், நெற்றியில் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

அம்மா ஏதாவது காரணத்தால் படுக்கையில் கிடக்க நேர்ந்தால் குதிகாலை மறந்துவிடாதீர்கள். எல்லோரும் முதுகையும் இடுப்பையும்தான் பார்ப்பார்கள். கெண்டைக்காலுக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் தொங்கும்படி விடுங்கள். நிறம் மாறிய இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது, உள்ளே இருக்கிற நைந்த தசை இன்னும் நையும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை, அதிர்வுக் கவை (ட்யூனிங் ஃபோர்க்) என்ற கருவியால் பெருவிரலில் அதிர்வு தெரிகிறதா என்ற சோதனை, கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் கை ரத்த அழுத்தத்தையும் ஒப்பிடும் ஏ.பி.ஐ. பரிசோதனை. மூன்றிலும் வலியில்லை. காலில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் வீக்கத்துக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடவே கூடாது. அம்மா பல வருஷமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதிலும் சைவம் என்றால், வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைந்தாலும் இதே மரத்துப்போதலும் எரிச்சலும் வரும், அது சரிசெய்யக்கூடியது. வீட்டு வைத்தியத்துக்குக் கட்டுப்படாத இரவு எரிச்சலுக்குத் தனி மாத்திரைகள் இருக்கின்றன, அம்மா அதைச் சகித்துக்கொண்டு தூக்கம் கெட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'பாதம் பாதுகாப்போம்' என்ற பெயரில் சர்க்கரைப் பாதப் பரிசோதனை நடக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எங்கே, எந்த நாளில் என்று சொல்வார்கள். போகும்போது அம்மா தினமும் போடுகிற செருப்பையே போட்டுக் கூட்டிப்போங்கள். பாதம் எங்கே அழுந்துகிறது என்பதை அதன் தேய்மானத்தை வைத்தே மருத்துவர் சொல்லிவிடுவார்.